பூட்டிய கிணறு

எங்கள் கேம் கம்பெனியில் கதை எழுதுவது நான். அரண்மனைக் கிணற்றை ஊருக்குத் திறந்துவிடச் சொல்லிக் கொடி பிடிக்கிற ஒருவனை வில்லனாக எழுதியிருந்தேன். படித்துவிட்டு முதலாளி தலையைச் சொறிந்தார்.

"இவன் கேக்கிறது நியாயமா இருக்கேப்பா. விளையாடறவங்க இவன் பக்கம் சாஞ்சிட்டா?"

"என்ன சார் பண்ணலாம்?"

"ஒரு பள்ளிக்கூடத்தைக் கொளுத்தவிடு."

அவன் எதற்குக் கொளுத்தினான் என்று எனக்கே தெரியாது. எழுதித் தொலைத்தேன். விளையாடுகிறவர் ஏற்று ஆடும் இளவரசன் அவனை வெட்டிச் சாய்த்து முடிசூடிக்கொண்டான். வாணவேடிக்கையோடு கதை முடிந்தது.

கேமை விளையாடிப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் அக்கா மறுநாள் வந்து நின்றார்.

"சார், ராஜாவானதும் நேரா கிணத்துக்குப் போனேன். எந்த பட்டனை அழுத்தினாலும் பூட்டு திறக்கலை."

"அது கோளாறு இல்லம்மா, கதையே அப்படித்தான். நாட்டுல அமைதி திரும்பிடுச்சில்ல?" என்றார் முதலாளி.

"அப்போ அவனை எதுக்கு சார் வெட்டினேன்?"

"பள்ளிக்கூடத்தைக் கொளுத்தினானேம்மா! பிள்ளைங்க படிக்கிற இடம்!"

நான் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"அங்கேயும் போய்ப் பார்த்தேன் சார்," என்றார் அக்கா. "சாம்பல் அப்படியே கிடக்கு. உங்க ராஜா அதையும் கட்டலை."