டைரக்ட் கொடுத்த ஃபேன்

அப்பா இறந்து ஒன்பதாம் நாள் அவருடைய காரை அவள் பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். கூடவே தம்பியும் வந்து பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுக்கா. பெரியப்பாவுக்குப் பதில் சொல்லணும்."

நெஞ்சுவலியில் துடித்த மனுஷனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னால், பாலத்து நெரிசலில் இன்ஜினைக் கொதிக்கவிட்டு நிறுத்துகிறவனுக்கு எந்த மடையன் லைசென்ஸ் கொடுத்தான் என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தார் பெரியப்பா. மாற்று வண்டி வருவதற்குள் அப்பா இல்லை. அன்றிலிருந்து தம்பிக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் முதலில் பார்த்தாள். ரேடியேட்டர் மூடி சரி. ஹோஸில் வெடிப்பில்லை. தண்ணீர் பம்ப் ஒழுகவில்லை. ஏதாவது ஒன்று உடைந்து தொலைந்திருந்தால் என்ன கேடு? கடைசியில் பேட்டரியிலிருந்து ஃபேனுக்கு நேராக ஒயர் பிடித்தாள். ஜோராகச் சுற்றியது.

ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்தாள். அவள் வைத்த சுவிட்ச், அணைந்தே இருந்தது.

இரண்டு மாதம் முன்பு சூடு பார்த்து ஃபேனைப் போடும் சென்சார் செத்துப்போனது. சரியான பார்ட் கிடைக்கவில்லை. "இப்போதைக்கு சென்சார் இல்லாம ஒரு சுவிட்ச் வச்சு டைரக்ட் கொடுத்திருக்கேன்பா. நெரிசல்ல மாட்டினா இதைத் தட்டுங்க." அப்பாவிடம் மட்டும் சொன்னாள். அவர்தான் சாவியை யாருக்கும் தரமாட்டாரே. ஊரார் வண்டிக்கெல்லாம் பார்ட் வந்தது. வீட்டு வண்டிதானே என்று இது கிடந்தது.

சொல்லிவிடலாம் என்று தலையை வெளியே எடுத்தாள். அதற்குள் அவன் பேசினான்.

"பின்சீட்லேர்ந்து கைய முன்னால நீட்டிக்கிட்டே இருந்தாருக்கா. பேச்சு வரல. எங்கிட்ட என்னைக்கு ஆசையா இருந்தாரு? நான் ஒத்தக் கையில ஓட்டிக்கிட்டு அவர் கையப் பிடிச்சுக்கிட்டேன். இழுத்து இழுத்துப் பாத்தாரு. நான் விடவே இல்ல. எனக்கு மிச்சம் அது ஒண்ணுதான்."

அந்தக் கை எங்கே போக நினைத்தது என்பது அவளுக்குத் தெரியும்.

மறுபடி தலையை உள்ளே விட்டாள். கட்டிங் பிளேயரால் ஒயரை வெட்டினாள். சுவிட்சைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வெட்டிய முனையை அவனிடம் நீட்டினாள்.

"நான் இழுத்த ஒயர். அறுந்துபோச்சு. ஃபேன் சுத்தல. நீ என்ன பண்ணியிருந்தாலும் வண்டி நின்னுருக்கும். பெரியப்பாகிட்ட நானே சொல்றேன், மடையன் நீ இல்லன்னு."

அவன் அந்த முனையை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"ஒரு ஒயர ஒழுங்கா இழுக்கத் தெரியாம நீ எதுக்குக்கா பட்டறை வச்சிருக்க?"

வரேன் என்றுகூடச் சொல்லாமல் தெருவில் இறங்கினான். ஒன்பது நாளாகக் கவிழ்ந்தே கிடந்த தலை, போகும்போது நிமிர்ந்திருந்தது. திரும்பிப் பார்ப்பானா என்று நின்றாள். பார்க்கவில்லை.