அழிச்ச படம்

"இது உங்கப்பனாடி?" வாக்காளர் அட்டையை இந்துவின் கையில் திணித்தாள் பக்கத்து வீட்டு மகாராணி. "களவாணிப் பயலப் பிடிச்சு வச்ச மாதிரி கெடக்கு. மனுசன் சிரிச்ச மொகம் எங்கடி?"

பெட்டிக்குள் சூசைமுத்து படுத்திருந்தார். நாலு மணிக்கு அடக்கம். தலைமாட்டில் வைக்க ஒரு படம் இல்லை. இருந்த ஒரே நல்ல படத்தையும் பிடிவாதமாக அழிக்க வைத்தவர் அவர்தான். அடம்னா அடம், அப்படியொரு அடம்!

போன வருசம் வட்டக்கானல் விடுதித் தோட்டத்தில் முள்ளங்கியைப் பிடுங்கித் தூக்கிக்காட்டி அவர் சிரித்ததை இந்து செல்போனில் எடுத்தாள். இன்டர்நெட்டிலும் போட்டாள். மனுசனுக்கு வந்ததே கோபம்.

"எம் மொகத்த எவன் பொட்டியில கொண்டுபோய் வச்சே?"

"பெரிய கம்பெனிப்பா. நம்பலாம்."

"சிலோன் தேயிலத் தோட்டத்துல தொரமாரும் பெரிய ஆளுகதான். பேரு, ஊரு எல்லாம் எழுதி வாங்கிட்டுத்தானே எங்களக் கப்பல்ல ஏத்துனாங்க?"

அருள்தாஸின் பிரவுசிங் சென்டருக்கே கூட வந்து, பக்கத்தில் நின்று அழிக்க வைத்தார். படம் அழிக்கப்பட்டது என்று திரையில் வந்ததை இந்து வாசித்துக் காட்டினாள். "அவந்தானே சொல்றான்?" என்று முணுமுணுத்தபடியே படியிறங்கினார். அந்தச் செல்போனும் பிறகு ஏரியில் விழுந்து தொலைந்தது.

இன்று அதே சென்டரில், அதே நாற்காலியில் உட்கார்ந்து, வத்தலக்குண்டுத் தோழி பாண்டிச்செல்விக்கு அப்போது அனுப்பிய மெயிலைத் தேடி எடுத்தாள். அந்தப் படத்தின் இணைய முகவரி அதில் இருந்தது. ஒன்றும் வராது என்று தெரிந்தேதான் அழுத்தினாள்.

படம் வந்தது. முள்ளங்கி, கையெல்லாம் மண், ஓட்டைப்பல் சிரிப்பு, எல்லாம் அப்படியே.

"அடப்பாவிகளா! அழிச்சிட்டோம்னு சொன்னீங்களேடா!"

அந்தக் கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி வையவும் தோன்றியது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது. "நீங்க சொன்னதுதாம்ப்பா சரி," என்று திரையைத் தொட்டுத் தொட்டு அழுதாள்.

அருள்தாஸ் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். "ஒரு காப்பி நம்ம சிஸ்டத்துல கெடக்கட்டும் தங்கச்சி. வருச நெனவுக்கு ஆகும்."

"வேணாண்ணே. அப்பாவுக்குப் பிடிக்காது. அழிச்சிருங்க."

"அழிச்சாச்சு. நீயே பாரு."

இந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"நீங்கதானேண்ணே சொல்றீங்க?"

வெளியே மேகம் இறங்கித் தூறிக்கொண்டிருந்தது. இந்து படத்தை ஸ்வெட்டருக்குள் வைத்து, ஒருத்தர் கண்ணிலும் படாமல் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு வட்டக்கானல் பக்கம் வெரசா இறங்கினாள்.