கிளட்ச் கனமாக இருக்கிறது

1

கேபிளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றதால்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. இதில் எனக்கு வேறு பெருமை எதுவும் இல்லை.

ஒரு பத்திரிகைக்குக் கதை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்கு மேல்வீட்டில் தரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். அமைதியாக எழுதலாம் என்று அக்கா வீட்டுக்குப் போய்த் தங்கினேன். மறுநாள் ஞாயிறு. அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், வாசலில் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் பழைய சாக்கை விரித்துக் குந்தியிருந்தார். சும்மாதானே இருக்கிறாய், வந்து இதைப் பிடி என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எழுதுவதும் சும்மா இருப்பதும் அந்த வீட்டில் ஒன்றுதான் என்பது நினைவுக்கு வர, போய்ப் பிடித்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'நெரிசலான சந்திப்பில் கிளட்ச் கேபிள் பட்டென்று அறுந்தபோது அவளுக்கு

இல்லை, அறுந்துபோகவில்லை. அறுந்திருந்தால் கதைக்கு வசதி, எடுத்த எடுப்பில் ஒரு சத்தம் கிடைத்திருக்கும். நடந்ததில் சத்தமே கிடையாது. கிளட்ச் கனமாக இருக்கிறது, பிடித்து இழுக்க முடியவில்லை என்று அக்கா சில வாரங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

(வண்டி ஓட்டாதவர்களுக்காக: கிளட்ச் என்பது கைப்பிடியின் இடது பக்கத்தில் இருக்கும் நெம்புகோல். ஒவ்வொரு தடவை கியர் மாற்றும்போதும் இடது கையால் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். அங்கிருந்து எஞ்சினுக்கு ஓர் உறைக்குள் கம்பி ஓடுகிறது. அதுதான் கேபிள். அழுக்கேறினாலோ இழை விட்டாலோ இழுக்கக் கனக்கும்.)

இரண்டாவது தொடக்கம்:

'மனைவி சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாத கணவர்களில் அவரும் ஒருவர். அவரைப் பொறுத்தவரை

இதைத் தொலைபேசியில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னாள்:

"அவர் காதுல வாங்கினாருடி. வாங்கி, வண்டிய ஓட்டிப் பாத்தாரு. அவருக்குக் கனமா இல்ல. அதுக்கு அவர் என்ன பண்ணுவாரு?"

அந்த வாக்கியத்தையும் நிறுத்திவிட்டேன்.

3

அந்த வீட்டில் இருப்பது ஒரே வண்டி. மாமாவுக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. உறைந்த பெட்டிகளை உள்ளே தள்ள வேண்டும், லாரி வந்தால் வெளியே இழுக்க வேண்டும். அக்கா ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் அவளுக்காகக் காத்திருக்கும் வயதானவர்கள்தான் அவளுடைய உலகம். மாமா வந்து வண்டியை நிறுத்துவார். அக்கா ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அதே வண்டியை எடுப்பாள். சாவி கைமாறும்போது பெட்ரோல் போட வேண்டும், தண்ணீர் வரவில்லை என்பதுபோல் ஏதாவது ஒரு வாக்கியம். மிச்சப் பேச்செல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒதுக்கி வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரண்டு பேரும் தூங்கிவிடுவார்கள். மகள் வெளியூரில் படிக்கிறாள். அவள் படித்து முடிக்கும்வரை இப்படித்தான் என்று பேசி வைத்திருந்தார்கள்.

அவர் இறங்கிய சீட்டில் சூடு ஆறுவதற்குள் நான் ஏறி உட்கார்ந்துவிடுவேன், எங்கள் குடும்ப வாழ்க்கை அவ்வளவுதான் என்று அக்கா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

[இந்த இடத்தில் சீட்டுச் சூட்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதி வெட்டிவிட்டேன். அது அவளுடைய நகைச்சுவை. நான் ஊதினால் ஆறிவிடும்.]

4

மாமாவை எழுதுவதுதான் பெரிய பாடு. நல்லவராக எழுதினால் அசடாகத் தெரிகிறார். கோபக்காரராக எழுதினால் பொய்யாகத் தெரிகிறார். களைத்தவர் என்று எழுதினால் சரியாக இருக்கும், ஆனால் களைத்த மனிதரைப் பற்றிப் படிப்பவருக்கும் கொட்டாவி வந்துவிடுமே என்று பயம். ஆகவே அவர் செய்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்த ஞாயிறு காலை, இரவு வேலை முடிந்து வந்தவர் படுக்கவில்லை. முகம் கழுவிக்கொண்டு நேராக வாசலுக்கு வந்துவிட்டார். கண்கள் சிவந்திருந்தன. புதுக் கேபிளை முதல் நாளே வாங்கி வைத்திருந்தார். கைப்பிடிப் பக்கத்துத் திருகைத் தளர்த்தி, அதிலிருந்த பிளவையும் நெம்புகோலின் பிளவையும் ஒரே நேராகக் கொண்டுவந்து, கம்பியின் நுனியில் இருந்த ஈயக் குண்டை வெளியே எடுத்தார். பிறகு கீழே எஞ்சின் பக்கம். பழைய கேபிளை உருவுவதற்கு முன் அதன் நுனியில் ஒரு நூலைக் கட்டினார். கேபிளை உருவினால் அது போன வழியில் நூல் நிற்கும். அந்த நூலில் புதுக் கேபிளைக் கட்டி இழுத்தால் அது தானாகத் தன் பாதையில் போய்விடும். நான் பிடித்துக்கொண்டிருந்த முனை அதுதான். அவர் மேலிருந்து இழுக்க, நான் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தேன்.

(அடிக்குறிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்: முதல் பிரதியில் அவர் பெட்ரோல் டேங்க்கைக் கழற்றியதாக எழுதியிருந்தேன். அக்கா திருத்தினாள். டேங்க்கில் கை வைக்கவே இல்லையாம். பக்கத்திலேயே நின்ற எனக்கு அது தெரியவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.)

பழைய கேபிள் வெளியே வந்ததும் மாமா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஈயக் குண்டுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று இழைகள் விட்டு, துடைப்பக் குச்சி போல விரிந்திருந்தன. அக்காவைக் கூப்பிட்டார்.

"பாத்தியா? இதான். நீ சொன்னது சரிதான்."

மாமா ஒரு விஷயத்துக்காக அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. அக்கா குனிந்து அந்த இழைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவள் முகமும் தெளிந்தது. எனக்கே நிம்மதியாக இருந்தது. ஒரு கஷ்டம் என்னவென்று கண்ணால் பார்க்கக் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்.

புதுக் கேபிளின் உறைக்குள் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டார். மாட்டினார். கைப்பிடியை இடப்பக்கமும் வலப்பக்கமும் முழுக்கத் திருப்பி, கேபிள் எங்கும் விறைக்கவில்லை என்று பார்த்தார். நெம்புகோலில் ஒரு நாணயம் நுழையும் அளவுக்குத் தளர்வு விட்டுத் திருகை முடுக்கினார். ஒரு விரலால் இழுத்தார். வந்தது. வெண்ணெய் மாதிரி என்றார்.

5

அக்கா வண்டியை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மாமா சாக்கை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வண்டி வந்து நின்றதும் எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட இல்லை, முகத்தை மட்டும் பார்த்தார். நன்றாக இருக்கிறது, கனமே இல்லை என்றாள் அக்கா. அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். கையைக்கூடச் சரியாகத் துடைக்கவில்லை. படுத்தவுடன் தூங்கிப்போனார்.

நான் மேசைக்குத் திரும்பினேன். கதை ஓடவில்லை. வெளியிலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். அக்கா நின்ற வண்டியின் மேல் உட்கார்ந்து கிளட்ச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு இழுப்பு ஒழுங்காக வந்தது. மூன்றாவதில் விரல்கள் வழுக்கி, நெம்புகோல் துள்ளித் திரும்பியது. இடது கையை உதறிவிட்டு மறுபடியும் இழுத்தாள்.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"கேபிள் இல்லடி," என்றாள். "கைதான்."

கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்துப்போகிறது, வண்டி ஓட்ட ஓட்ட அதிகமாகிறது என்றாள். கடைசி வீட்டுக்குப் போகும்போது ஊசி குத்த வேண்டிய இடத்தை விரலால் தடவினால் ஒன்றும் தெரிவதில்லையாம். போன வாரம் ஒரு பெரியவரை இரண்டு தடவை குத்த வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவை அவரே கையை நீட்டிக் கொடுத்தார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது என்றாள். கேபிளாக இருக்க வேண்டும் என்று அவளும்தான் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மாமாவிடம் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"தூங்காம உக்காந்து மாத்தியிருக்காரு. அந்த முகத்தப் பாத்து என்னன்னு சொல்ல? எழுந்திரிக்கட்டும்."

6

இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அவர் எழுந்ததும் அவள் சொல்கிறாள். அவர் அவளுடைய இடது கையை எடுத்துத் தன் இரு கைகளுக்குள் பொத்திக்கொண்டு

வெட்டிவிட்டேன். அக்கா வீட்டில் யாரும் யார் கையையும் அப்படிப் பொத்திக்கொள்வதில்லை.

இன்னொன்று: அவள் சொல்லவில்லை. மறுநாள் மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் லாரி வர, விரல்கள் வழுக்கி வண்டி ஒரு துள்ளுத் துள்ளி

அதோடு நிறுத்திவிட்டுக் காபி போட எழுந்து போனேன். அடுப்பு முன்னால் நிற்கும்போதுதான் உறைத்தது. சொந்த அக்காவை லாரிக்கு முன்னால் நிறுத்தி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். திரும்பி வந்து முதல் வேலையாக அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். கதையில்தானே என்று நீங்கள் சொல்லலாம். உங்கள் அக்கா இல்லையே.

7

நடந்தது இது.

சாயங்காலம் மாமா எழுந்து வந்தார். அக்கா சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் இருந்தேன். அவர் அவளுக்கு எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கையின் இரண்டு விரல்களை நீட்டினார்.

"இதப் புடி. இடது கையால. புடிச்சு அழுத்து."

அக்கா கத்தியை வைத்துவிட்டு, எதற்கு என்றாள்.

"அத்தன தடவ கிளட்ச்ச இழுத்தா தூங்கறவனுக்குக் கேக்காதா? அழுத்து."

அவள் அழுத்தினாள். முகம் இறுகியது. தோள்வரை நடுங்கியது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அவர் விரல்களை உருவிக்கொள்ளவில்லை. முதல் முடிவில் அவர் கையைப் பொத்திக்கொண்டதாக நான் எழுதி வெட்டியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அதில் பொய் இருந்தது, இதில் இல்லை. பிறகு, எத்தனை நாளாக என்று கேட்டார். அவள் சொன்னாள். நான் கேபிளில் தேடிக்கொண்டிருந்தேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பப் போனார்.

8

அந்த வாரமே மருத்துவரிடம் போனார்கள். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, அதிர்வும் இறுக்கிப் பிடிப்பதும் ஆகாது, வண்டி ஓட்டுவதை நிறுத்துங்கள், அப்படியும் சரியாகாவிட்டால் சின்ன அறுவை சிகிச்சை என்றாராம். அக்கா பரிசோதனைக் கூடத்தில் மறைக்காமல் சொல்லிவிட்டாள். மேசை வேலை ஒன்று காலியாகப் போகிறது, அதுவரை வீடுகளைக் குறைத்துத் தருகிறேன் என்று மேலாளர் சொன்னார். வண்டி ஓட்டாத நாளில் அவள் விரல்களுக்கு உணர்ச்சி திரும்பியிருந்தது. ரத்தம் எடுப்பதில் சிரமம் இல்லை. வீடுகளுக்குப் போய்ச் சேர்வதுதான் சிரமம்.

நான் கூட்டிப் போகிறேன் என்றார் மாமா.

தூக்கம் என்னாவது என்று அவள் கேட்டதற்கு, நீ உள்ளே இருக்கும்போது வெளியே தூங்கிக்கொள்கிறேன் என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அப்படியேதான் செய்தார். இரவு முழுக்கக் கிடங்கு, விடிந்தால் அக்காவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தெருத்தெருவாக. அவள் ஒரு வீட்டுக்குள் போனதும் மதில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். வெளியே வந்து தோளைத் தொட்டால் எழுந்துவிடுவார்.

எப்படிப் போகிறது என்று தொலைபேசியில் கேட்டேன். வருஷக்கணக்கில் பேசாததையெல்லாம் இப்போது வண்டியில் பேசுகிறார்களாம். அவர் தூங்கிவிடக் கூடாதே என்று அவள்தான் விடாமல் பேசுகிறாளாம். பேச விஷயம் தீர்ந்துபோய், பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வாய்ப்பாட்டைக்கூடச் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலும் களைப்பு இருந்தது.

9

இந்தக் கதைக்கு முடிவு என்னிடம் இல்லை. நேற்று அக்கா தொலைபேசியில் சொன்னது மட்டும் இருக்கிறது.

முந்தைய இரவு கிடங்கில் லாரிகள் ஓயவே இல்லையாம். காலையில் ஒரு வீட்டில் ரத்தம் எடுத்துவிட்டு அவள் வெளியே வந்தபோது, மூடியிருந்த கடை ஒன்றின் படியில் மாமா தூங்கிக்கொண்டிருந்தார். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. அது கடையின் இரும்புக் கதவில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. சாவி வண்டியிலேயே இருந்தது.

அடுத்த வீட்டில் சர்க்கரை நோய் உள்ள ஒரு பாட்டி, ரத்தம் கொடுத்த பிறகுதான் சாப்பிட வேண்டும் என்று பட்டினியாகக் காத்திருந்தார். இரண்டு தடவை அழைத்துவிட்டார். நடந்து போகிற தூரம் இல்லை. எழுப்பினால் மாமா எழுந்துவிடுவார், அரைத் தூக்கத்தில் ஓட்டுவார். நெரிசல் தொடங்கும் நேரம். அவளே வண்டியை எடுத்தால் போய்ச் சேரலாம், சேரும்போது விரல்கள் இருக்காது.

"நான் பெட்டிய மாட்டிக்கிட்டு அவர் முன்னாடி நிக்கறேன்டி," என்றாள் அக்கா. "ரொம்ப நேரம் நின்னேன்."

அப்போது அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

அவளை மறுபடி அழைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவள் செய்ததுதான் சரி என்று எழுதிவிடுவேன், அல்லது தவறு என்று. இரண்டுக்கும் எனக்கு அருகதை இல்லை. டேங்க்கைக் கழற்றினாரா இல்லையா என்பதையே சரியாகப் பார்க்காதவள் நான்.

அடுத்த வாக்கியம் உங்களுடையது. அந்தப் படிக்கு முன்னால் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதுங்கள். எழுதும்போது சத்தம் போடாமல் எழுதுங்கள். மனிதர் இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார்.