தலைவர் நாற்காலி

பாகூர்ப் பக்கத்தில் ஓர் ஊர். அங்குள்ள ஏரிச் சங்கத்துக்கு இந்தத் தடவை பெண்தான் தலைவர் என்று முடிவாகி, உமையாளைக் கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். மறுநாள் டீக்கடையில் "தலைவரே, வாங்க" என்று அவர்கள் கூப்பிட்டதோ அவள் புருஷன் கனகராஜை.

கனகராஜ் பதினெட்டு வருஷமாக பைக்கில் கம்பெனிக்குப் போய் வருகிற ஆள். நெல்லுக்கும் அவனுக்கும் உள்ள உறவு சாப்பாட்டுத் தட்டோடு சரி. முக்கால் காணி நிலத்தில் நாற்று விடுவதும் தண்ணீர் கட்டுவதும் உமையாள்தான். இருந்தாலும் நாலு பேர் 'தலைவரே' என்றால் யாருக்குத்தான் காது இனிக்காது? ஒரு வெள்ளைச் சட்டை வாங்கினான். கூட்டம் நெருங்க நெருங்க அந்தச் சட்டையைக் கண்ணில் படாமல் பீரோவுக்குள் தள்ளி வைத்தான். உமையாள் பயப்படுகிறாள், நாம்தான் தாங்க வேண்டும் என்று தேற்றிக்கொண்டான். அவளைக் கேட்டானா என்றால், கேட்கவில்லை. பாவம், அது அவன் மூளைக்கு எட்டவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் கூட்டம். தலைவர் நாற்காலியில் கனகராஜைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உமையாள் பெண்களோடு பாயில் உட்கார்ந்தாள். செயலாளர் பாக்யராஜ் ஒரு தீர்மானம் எழுதி வைத்திருந்தார்: தலைவருக்குப் பதிலாக அவர் கணவரே கூட்டம் நடத்தலாம். உமையாள் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது, ஐந்து வருஷத்துக்கு அவள் பெயர் மட்டும்தான் தலைவர். நோட்டும் பேனாவும் அவள் மடிக்குப் போயின.

அதற்குள் கடைமடைக்காரர் ஆதிமூலம் எழுந்து, பயிர் வாடுகிறது, தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார்.

கனகராஜ் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "ரெண்டு மதகையும் ஒண்ணா தெறந்துடலாம்" என்றான்.

கூடமே சிரித்தது. இரண்டையும் திறந்தால் வாய்க்காலில் முதலில் வரும் மேல்மதகு வழியே தண்ணீர் முழுவதும் ஓடிவிடும், கீழ்மதகில் பாயும் கடைமடைக்கு ஈரம்கூட வராது. அந்த ஊரில் அது தெரியாத ஒரே ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

உமையாள் பேனாவை மூடினாள். கையெழுத்துப் போடாத நோட்டை பாக்யராஜிடம் நீட்டிவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கனகராஜ் துள்ளி எழுந்தான். அவ்வளவு வேகமாக அவன் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

அவள் உட்கார்ந்தாள். "கீழ்மதக மட்டும் தெறப்போம். மூணு நாளைக்குத் தண்ணி கடைமடைக்குத்தான். எங்க கழனி மேல்மதகுலதான் பாயுது. எங்க மடைய நானே மொதல்ல அடைக்கிறேன். யாருக்கு இன்னா ஆட்சேபண?"

யாருக்கும் இல்லை. ஆதிமூலம் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். அந்தத் தீர்மானத்தை பாக்யராஜ் தானே கோடு போட்டு அடித்தார். பாயின் ஓரத்தில் இடம் பிடித்த கனகராஜுக்கு ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. சட்டையின் மேல்பட்டனைக் கழற்றிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டான்.

வீட்டுக்குத் திரும்பும்போது பைக்கில் கேட்டான்: "பேசத் தெரியும்னு முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீ எப்ப கேட்ட?" என்றாள் பின்னாலிருந்து.

மறுநாள் டீக்கடையில் "தலைவரே" என்று குரல் கேட்டதும் பழக்கதோஷத்தில் கனகராஜ் திரும்பினான். மண்வெட்டியோடு மதகுக்குப் போய்க்கொண்டிருந்த உமையாளை ஆதிமூலம் கூப்பிட்டிருந்தார். அப்பாடா என்று கனகராஜ் டீயை ஊதிக் குடித்தான்.