பத்தொன்பது கோடுகள்

துணிக்குச் சாயம் போடும் அந்த ஆலையில் கழிவுநீரைச் சோதிப்பவள் அவள்; எல்லோருக்கும் லேப்காரி. ஆலை மேலாளர் அவளுடைய சித்தப்பா. வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதை வாரம் ஒரு தடவையாவது சொல்லிக்காட்டாவிட்டால் மனிதருக்குச் சாப்பிட்டது செரிக்காது.

போன மாதம், தண்ணீரில் காரம் எவ்வளவு என்று காட்டும் பி.எச். மீட்டர் பழுதாகிக் கடைக்குப் போய், பத்தொன்பது நாள் கழித்துத்தான் வந்தது. அதுவரை தண்ணீரை வெளியே விடாதீர்கள் என்று கெஞ்சினாள். விட்டார்கள். அந்த நாட்களைப் பதிவேட்டில் வெற்றாகவே வைத்திருந்தாள். சுற்றுச்சூழல் தணிக்கைக்கு ஆள் வருகிறது என்றதும் சித்தப்பா பதிவேட்டை வாங்கிக்கொண்டு போனார். இன்று காலை அது திரும்பி வந்தபோது பத்தொன்பது கட்டங்களும் நிரம்பியிருந்தன. ஏழு புள்ளி இரண்டு, ஏழு புள்ளி நான்கு. என்ன ஒரு சமர்த்துத் தண்ணீர்!

தணிக்கைக்கு வந்த அம்மாள் பதிவேட்டை நம்பி நாற்காலியில் உட்காருகிற ரகமில்லை. தொட்டிகளைச் சுற்றி நடந்தார். வெளிக்குழாயில் தானே பாட்டில் பிடித்தார். பிறகு மீட்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ரிப்பேர்க் கடைச் சீட்டு கிடந்தது. அதிலிருந்த தேதிகளைப் பதிவேட்டோடு ஒப்பிட்டார்.

“மீட்டர் கடையில இருந்தப்போ இதையெல்லாம் எதை வச்சு அளந்தீங்க?”

சித்தப்பா முந்திக்கொண்டார். “வேற மீட்டர் இரவல் வாங்கினோம் மேடம். அளந்து எழுதினது இவதான், எங்க அண்ணன் பொண்ணு. சொல்லும்மா.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் எழுதியது அவர், சுமப்பது இவளா? வேலை போனால் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது. இருக்கட்டும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன?

சுவரில் சித்தப்பாவே ஒட்டிய அறிவிப்பு இருந்தது: ‘பதிவேட்டில் தவறு இருந்தால் ஒரே கோடு போட்டு அடிக்கவும். பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திடவும். – மேலாளர்.’

அளவுகோலை எடுத்தாள். முதல் கட்டத்தில் ஒரு கோடு. பக்கத்தில், ‘மீட்டர் இல்லை. அளக்கவில்லை.’ கையெழுத்து. அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

“என்னடி பண்றே?”

“நோட்டீஸ்ல நீங்க போட்டதைத்தான் சித்தப்பா.”

“இந்த வேலையை உனக்கு வாங்கிக் குடுத்தது யாரு?”

“நீங்கதான். அளக்கத்தானே வாங்கிக் குடுத்தீங்க?”

பத்தொன்பதாவது கையெழுத்து முடிந்ததும் சித்தப்பா பல்லைக் கடித்தார்.

“நாளையிலேர்ந்து நீ வராதே.”

“சரி. இன்னைக்கு இருக்கேன்ல?”

குவளையோடு வெளிக்குழாய்க்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்து மீட்டரை வைத்தாள். ஒன்பதைத் தாண்டக் கூடாது. ஒன்பது புள்ளி ஆறு காட்டியது. இன்றைய கட்டத்தில் அதை எழுதி, அடியில் இந்தத் தடவை முழுப் பெயரையும் போட்டாள்.