முதுகுக் காற்று

தேவபிரசாதம் ஜெபத்தில் நோவாவை முடித்துவிட்டு எலியாவுக்குள் நுழைந்தபோது, பக்கத்தில் நின்ற தம்பி ஜெபசிங் மெல்லச் செருமினான்.

எதற்கென்று கண்ணைத் திறக்காமலே அவருக்குத் தெரிந்தது. ஜெபத்துக்கு முன்பே காதருகே வந்து சொல்லியிருந்தான். "அண்ணே, கொஞ்சம் சுருக்கமா முடிங்க. வெயில் ஏறுனா கரைக்காத்து நின்னு கடல்காத்து வந்துரும்."

மிஷன் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்தவர் அவர். நாசரேத்தில் கல்யாணமா, கால்கோளா, ஜெபத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கே அளந்து ஜெபிக்கச் சொல்லித் தருகிறான். பயலுக்குக் கர்த்தரைவிடக் காற்று பெரிதாகப் போய்விட்டது. எலியா அக்கினி ரதத்தில் ஏறியதோடு நிறுத்தலாம் என்றிருந்தவர், ஏனோக்கையும் இழுத்துக்கொண்டு வந்தார். வேண்டுமென்றுதான். பொறுமை படிக்கட்டும்.

மாப்பிள்ளையூரணிக்குக் கிழக்கே, பாத்தி கட்டாமல் கைவிட்ட உப்பளத் தரை அது. துறைமுகப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த ஜெபசிங், ஒரு கப்பல்காரன் விட்டுப்போன பத்திரிகைப் படத்தைப் பார்த்துச் செய்த சிறகு அங்கே மேற்கே பார்த்து நின்றது. அலுமினியக் குழாய், திரேஸ்புரத்தில் தைத்த படகுப் பாய்த்துணி, பின்னால் பழைய ஸ்கூட்டர் எஞ்சினும் மர விசிறியும். சக்கரம் கிடையாது. தோளில் தாங்கிக்கொண்டு ஓட வேண்டும், ஓடினால் எழும்பும். விடியற்காலைகளில் யாருக்கும் தெரியாமல் பனை உயரம் போய் இறங்கியிருக்கிறான். ஊரறியப் பறக்கும் நாளில் ஜெபம் இல்லாமல் தரையை விடக் கூடாது என்று சொன்னவர் தேவபிரசாதம். சபையாரையும் பட்டறைக்காரர்களையும் வரவழைத்து, தூரத்தில் நாற்காலி போட வைத்தவரும் அவரே.

ஒரு வழியாக ஆமென் வந்தது. கண்ணைத் திறந்தார்.

ஜெபசிங்கின் மனைவி கிருபை ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் நுனியில் காற்றுப் பார்க்கக் கட்டிய ரிப்பன், காலையில் கடலைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது, இப்போது பனங்காட்டைப் பார்த்து நீண்டிருந்தது.

"அண்ணே, காத்து திரும்பிட்டு," என்றான் ஜெபசிங். "இத மறு முனைக்குத் தூக்கிட்டுப் போயி கடலப் பாத்து ஓடணும். நாலு பேரு பிடிச்சாப் போதும்."

"ஆமென் சொன்ன வாய் காயுமுன்ன இடத்த மாத்துவியாலே? ஜெபம் பண்ணுனது இந்த எடத்துல. தூக்கிட்டு அலைஞ்சா அது அவிசுவாசம். சபை பாத்துட்டு இருக்கு."

"காத்த மூஞ்சில வாங்கித்தான் ஓடணும்ண்ணே. முதுகுல வாங்குனா காலு தரைய விடாது. விட்டாலும் மேல ஏறாது."

"கர்த்தர் ஏத்துவாரு. ஓடுலே."

அப்பா செத்த பிறகு பிரம்பால் வளர்த்த அண்ணன். பிள்ளை பெற்ற பிறகும் அந்தக் குரலைக் கேட்டால் தம்பி அடங்கிப்போவான். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"வேண்டாங்க," என்றாள் கிருபை. தேவபிரசாதம் அவளை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் எஞ்சின் கத்தத் தொடங்கிவிட்டது.

ஜெபசிங் ஓடினான். எழும்ப வேண்டிய தூரம் தாண்டியும் கால்கள் தரையில் அடித்துக்கொண்டே இருந்தன. வரப்பு வந்த இடத்தில் ஒருவழியாகத் தரையை விட்டான். நாற்காலிகளில் கைதட்டல் எழுந்தது. "ஸ்தோத்திரம்!" என்றார் தேவபிரசாதம். ஆனால் சிறகு முன்னால் பறந்ததே தவிர மேலே போகவில்லை. எழும்பியதும் சிறகின் மூக்கைத் தூக்கக் கூடாது, தாழவே போய் வேகம் சேர்த்த பிறகுதான் ஏற வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் அவன் ஓயாமல் சொல்லுவான். வேகம் சேர்க்க அங்கே இடம் இல்லை, எதிரே பனைகள். மூக்கைத் தூக்கினான். சிறகு ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு பக்கவாட்டில் சரிந்தது. தரையில் மோதும்வரை எஞ்சின் கத்திக்கொண்டிருந்தது.

*

மறுநாள் ஜெபசிங் வீட்டு முன்னறையில் அவன் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் தேவபிரசாதத்தின் கையைப் பிடித்தார்கள்.

"அவசரப்பட்டுட்டான்," என்றார் முதலில் வந்தவரிடம்.

"நான் எவ்வளவோ சொன்னேன், கேக்கல," என்றார் அடுத்தவரிடம். சபைக் குருவானவர் வந்தபோது, காற்று சரியில்லை என்று தாமே தடுத்துப் பார்த்ததாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அது நடந்தது மாதிரியே இருந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கிருபைக்கு எல்லாம் கேட்டது. அங்கே என்ன பேச்சு நடந்தது என்று அவளையும் அவரையும் தவிர யாருக்கும் தெரியாது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊரில் அவர் தலை நிமிர முடியாது. தேவபிரசாதத்துக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தம்பிக்காக அல்ல. அதுவும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

கூட்டம் கலைந்த நேரம் பார்த்து அவள் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"நீயும் கனியும் நாசரேத்துக்கு என் வீட்டுக்கே வந்துருங்க. பிள்ளையப் படிக்க வைக்கது என் பொறுப்பு. நடந்ததக் கிண்டிக்கிட்டு இருக்கக் கூடாது, என்ன?"

"நான் ஒண்ணும் கிண்டல, பெரியத்தான்." அவள் நிமிரவில்லை. "அவிய முட்டி மடங்குனபடியே வெறச்சிட்டு. பெட்டி மூட மாட்டுக்கு. நீங்க வந்து அமுக்குங்க."

"ஆசாரி இருக்காருல்லா?"

"நீங்க அமுக்குங்க."

குரல் உயரவில்லை. ஆனால் வாசலில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தேவபிரசாதம் சட்டைக் கையை மடக்கிவிட்டுத் தம்பியின் முழங்காலில் உள்ளங்கையை வைத்தார். முதல் அமுக்கில் இறங்கவில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்தபோது உள்ளே ஏதோ நொறுங்கியது கைக்குத் தெரிந்தது. கிருபை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் மூடி பொருந்தி உட்கார்ந்தது.

கல்லறைத் தோட்டத்தில் குருவானவர் சுருக்கமாக முடித்தார். மண் விழுந்தது.

வீட்டுக்குத் திரும்பியபோது, வழக்கப்படி பக்கத்து வீட்டார் கஞ்சியும் காணப்பயறுத் துவையலும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வரிசையாகக் கீழே உட்கார்ந்தார்கள். பிள்ளை கனி அம்மாவின் மடியோடு ஒட்டி உட்கார்ந்தது.

"அண்ணாச்சி, நீங்க ஒரு ஜெபம் பண்ணிருங்க," என்றார் யாரோ.

தேவபிரசாதம் எழுந்து நின்றார். புதைத்தாகிவிட்டது. அவள் நாசரேத்துக்கு வந்துவிடுவாள், சோறு போடுகிற வீட்டைப் பற்றி யார் பேசுவார்கள்? இரண்டு நாளில் முதல்முறையாக அவருக்கு மூச்சு இறங்கியது. கண்ணை மூடினார், எல்லோரும் மூடினார்கள். யோபுவில் தொடங்கினார். கொடுத்தவர் எடுத்தார் என்பதை விரிக்கத் தொடங்கியதும் குரல் தானே நெகிழ்ந்து நீண்டது.

எங்கோ கஞ்சி உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தார். குனிந்த தலைகளுக்கு நடுவே கிருபை கிண்ணத்தைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். கீழே வைத்துவிட்டு, மகள் கூப்பியிருந்த கைகளைப் பிரித்து, பிள்ளையின் கிண்ணத்தை அதில் வைத்தாள்.

"ஆறிப்போவும். குடி."

அவர் குரல் பாதியில் நின்றது. கண்களை மூடியவர்கள் மூடியபடியே இருந்தார்கள். பிள்ளை பெரியப்பாவை நிமிர்ந்து பார்த்தது. பிறகு குடித்தது.