குண்டசாலை டொரதி வீட்டு டம்ப்ளிங்

கண்டிக்குப் பக்கத்துக் குண்டசாலையில், மா வட்டத்தில் கோழி வைத்து மடித்து டொரதி அவித்து இறக்கும் டம்ப்ளிங் தட்டில் கிடப்பதில்லை. மூடியைத் திறந்ததும் ஒவ்வொன்றாக எழும்பி, தட்டுக்கு மேலே பதினான்கு அங்குல உயரத்தில் நின்றுவிடும். மழை நாளில் பதினாறு. அடிமட்டம் வைத்து அளந்தவர் அவளுடைய கணவர் சுவக்கின். நில அளவைக் கந்தோரில் இருபத்தாறு வருடமாக லிகிதராக இருப்பவர், அங்குல விஷயத்தில் அவர் வாயில் பொய் வராது. ஆறிப்போனால் டம்ப்ளிங் தானாகக் கீழே இறங்கிவிடும் என்பதும் அவர் சொன்னதுதான், ஆனால் ஆறும்வரை அந்த வீட்டில் மிஞ்சுவது அபூர்வம். இஞ்சிச் சோஸில் தொட்டுச் சாப்பிடுகிறவர்கள் டம்ப்ளிங்கைக் கிண்ணத்துக்குக் கொண்டுவருவதில்லை. கிண்ணத்தைத்தான் டம்ப்ளிங் நிற்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கீழே இழுத்தாலும் வரும், மனமில்லாமல் வரும்.

இது தொடங்கியது கேஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற வருடத்தில். கோதுமை மா கிலோ நானூறு ரூபாயைத் தொட்டிருந்தது. டொரதியும் பக்கத்து வீட்டு அன்னலட்சுமியும் விறகை மிச்சம்பிடிக்க இரண்டு வீட்டுக்கும் நடுவில், வேலியைப் பிடுங்கிவிட்டு, டொரதியின் குசினியை நீட்டிக் கூரை போட்டு, ஒரே அடுப்பு வைத்தார்கள். ஒரே அடுப்பு என்றால் கொஞ்ச நாளில் ஒரே சட்டி, ஒரே சட்டி என்றால் கொஞ்ச நாளில் ஒரே மா. ஒரு சனிக்கிழமை காலை டொரதி சுடுதண்ணீர் விட்டு மாவைப் பிசைந்து உருட்டி, அவர்கள் வீட்டு வழக்கப்படி கத்தி நுனியால் அதன் மேல் சிலுவை கீறி, ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அந்த நேரம் வந்த அன்னலட்சுமி, கொழுக்கட்டைக்கு மா வைத்திருப்பதாக நினைத்து, அவர்கள் வீட்டு வழக்கப்படி ஒரு துண்டைக் கிள்ளிப் பிள்ளையார் பிடித்து, தலையில் ஒரு அறுகம்புல்லைச் செருகி ஓரமாக வைத்தாள். ஒருத்தி செய்தது மற்றவளுக்குத் தெரியாது. அன்றைக்கு இடியப்பத் தட்டில் வைத்து அவித்த முப்பத்திரண்டு டம்ப்ளிங்கும் எழும்பின. அன்னலட்சுமி கும்பிட்டாள். டொரதி, "சோஸ் கிண்ணத்தைப் புடிங்க, கூரையில முட்டப்போகுது" என்றாள். முட்டவில்லை.

காரணம் என்ன என்பதில் ஊர் நான்காகப் பிரிந்தது. சிலுவைதான் என்றார் பாதர். பிள்ளையார்தான் என்றார் கோயில் ஐயர். கோழி வெட்டிக் கொடுக்கும் ஷப்ராஸ், தான் பிஸ்மில்லா சொல்லாமல் ஒரு கோழியையும் வெட்டியதில்லை என்பதை எல்லோருக்கும் ஞாபகப்படுத்தினார். தெருமுனையில் பத்திரிகை விற்கும் பெரியவர் மகாவலிப் பக்கமிருந்து வரும் காற்றைக் காட்டினார். டொரதி ஒவ்வொரு வாரம் ஒவ்வொன்றை விட்டுப் பார்த்தாள். சிலுவை கீறாத வாரமும் எழும்பியது. பிள்ளையார் பிடிக்காத வாரமும் எழும்பியது. வெள்ளிக்கிழமை கோழியே இல்லாமல் கோவா இலையும் கரட்டும் வைத்து மடித்ததும் எழும்பியது. காற்றே அசையாத வாரமும் எழும்பியது. ஆகவே எல்லோரும் தோற்றார்கள், யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்து, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அரை மணி நேரம் பார்த்தார். சாப்பாடு எந்த அழுக்கான இடத்திலும் படவில்லை என்றும், ஈக்கள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் திரும்பிப் போகின்றன என்றும் எழுதிக்கொண்டு, பதினொரு டம்ப்ளிங் சாப்பிட்டுவிட்டுப் போனார். கண்டி பஸ்ஸின் கொண்டக்டர்கள் அந்த இடத்தில் "டம்ப்ளிங் ஹோல்ட்" என்று கத்தத் தொடங்கினார்கள்.

டொரதி டம்ப்ளிங் கற்றது ஹொங்கொங்கில். கலியாணத்துக்குப் பிறகு பதினொரு வருடம் அங்கே ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். குண்டசாலை வீட்டின் கூரை, சுவர், குழாய்த் தண்ணீர், வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரி எல்லாம் அந்தப் பதினொரு வருடம்தான். அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மடிக்க வேண்டும், மடிக்காதவருக்குச் சாப்பாடு இல்லை. வங்கி முகாமையாளரான வீட்டுக்காரரும் கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு மடிப்பார். முதல் சனிக்கிழமை டொரதி சுவரோரமாக நின்றாள். வீட்டுக்காரி ஒரு கதிரையைக் காலால் தள்ளிவிட்டு உட்காரச் சொன்னாள். வேலைக்கு வந்த இடத்தில் எசமானோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, தன் கையால் மடித்ததைத் தானே சாப்பிட்டது டொரதியின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள், ஒரு மாதத்தில் அந்த வீட்டாரை விட வேகமாகப் பதினெட்டு மடிப்பு வைத்தன. அங்கே சோஸுக்கு ஊற்றும் கறுப்பு வினாகிரி இங்கே கிடைக்காது. அதற்குப் பதிலாகத் தென்னை வினாகிரியில் இரண்டு கரண்டி கித்துள் மரத்துப் பாணியும் சோயா சோஸும் விட்டு, இஞ்சியை நூல் நூலாக அரிந்து போட்டு, ஒரு பச்சைக் கொச்சிக்காயைக் கீறிப் போட்டாள். ஹொங்கொங் சோஸை விட இது நன்றாக இருக்கிறது என்று டொரதியே சொல்லுவாள். அடக்கம் அவளுக்குக் கொஞ்சம் குறைவு, அதில் தப்பும் இல்லை.

குண்டசாலையிலும் அதே சட்டம்தான். சாப்பிட வருகிறவர் யாராக இருந்தாலும் கையைக் கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்து மடிக்க வேண்டும். பாதர் மடித்தார், ஐயர் கோவா வைத்து மடித்தார், பரிசோதகரும் மடித்தார். அந்த மேசையில் மடித்த எல்லாமே எழும்பின, ஆளுக்கொரு உயரத்தில். அன்னலட்சுமியுடையது ஒன்பது அங்குலம், ஒரு பக்கம் சாய்ந்து. சுவக்கினுடையது இரண்டரை. அவர் அதையும் அளந்துதான் சொன்னார்.

ஒரேயொரு ஆள் மட்டும் அந்த வீட்டில் எதையுமே சாப்பிட்டதில்லை. அது சுவக்கினின் மூத்த சகோதரி லிண்டா டீச்சர். அவர்களுடைய தகப்பனார் மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கிளாக்கர். டொரதியின் தாயும் தகப்பனும் அதே தோட்டத்தில் தொழிலாளராகப் பெயர் பதிந்து வேலை செய்தவர்கள். டொரதியும் கலியாணத்துக்கு முந்திய கிழமை வரை கூடை சுமந்தவள். கிளாக்கர் குவாட்டர்ஸுக்கும் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் நடந்தால் ஏழு நிமிடம். கலியாணம் முடிந்து பத்தொன்பது வருடமாக லிண்டா டீச்சர் அந்த ஏழு நிமிடத்தை நடந்து முடிக்கவில்லை. டொரதி ஊரில் இருந்த நத்தார்ப் பண்டிகை எல்லாவற்றுக்கும் வருவார், கன்னத்தில் முத்தம் கொடுப்பார், யன்னல் சீலையைப் புகழுவார், தேத்தண்ணீரில் பாதி குடிப்பார். "எனக்கு வயிறு சரியில்ல டொரதி" என்பார். பத்தொன்பது வருடம் விடாமல் சரியில்லாமல் இருந்த வயிறு இலங்கையில் அது ஒன்றுதான். ஒரு நத்தாருக்கு டொரதி கேக்கை எண்ணெய்க் கடதாசியில் சுற்றிக் கொடுத்துவிட்டாள். மூன்றாம் நாள் சந்தியில் நின்ற த்ரீவீல்காரர், "கேக் நல்லா இருந்திச்சிக்கா, அந்த டீச்சரம்மா எறங்கும்போது குடுத்தாங்க" என்றார். டொரதி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, குசினிக் கதவைச் சாத்திவிட்டு அழுதாள். புருஷனிடம் சொல்லவில்லை. அன்னலட்சுமியிடம் மட்டும் சொன்னாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இந்த வீட்டுல அவங்க ஒரு வாய் சாப்புடணும். அவ்வளவுதான்."

"விடு டொரதி. சாப்புடாதவங்க வயிறுதான் காயும்" என்றாள் அன்னலட்சுமி. டொரதியால் விட முடியவில்லை. மிதக்கிற டம்ப்ளிங் செய்கிறவள் என்று ஊர் முழுக்கப் பெயர் வந்த பிறகும், ஒவ்வொரு சனிக்கிழமையும் வெளிக் கதவு சத்தம் போட்டால் அவள் முதலில் பார்ப்பது லிண்டா டீச்சரின் குடையைத்தான்.

லிண்டா டீச்சர் முதலில் டம்ப்ளிங் மிதப்பதை நம்பவில்லை. பிறகு அவர் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில், அந்த வீடு அவருடைய தம்பி வீடு என்பது தெரியவந்தது. ஆசிரியர் அறையில் அவருக்குத் திடீரென்று மதிப்பு ஏறியது. கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டார்கள், மாட்டேன் என்று சொல்ல முடியாத நிலைமை. அடுத்த வருடம் பெரிய வெள்ளிக்கு முந்திய மாதம், ஒரு சனிக்கிழமை, மூன்று டீச்சர்மாரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "நம்ம தம்பி வீடுதான், வாங்க வாங்க" என்று முன்னால் நடந்தார். டீச்சர்மார் கை கழுவி, மேசையில் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்து மடித்தார்கள். லிண்டா டீச்சர் முன் அறையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி அலுமாரியைப் பார்த்தபடி இருந்தார். வயிறு சரியில்லை என்று வேனிலேயே சொல்லி வைத்திருந்தார்.

மூடி திறந்தது. டொரதியுடையதும் டீச்சர்மாருடையதும் எழும்பின. இஞ்சியும் கோழியும் லீக்ஸும் சேர்ந்த வாசம் முன் அறைக்குப் போனது. காலையில் அரை பணிஸ் மட்டும் சாப்பிட்டிருந்த லிண்டா டீச்சர் எழுந்து வந்து குசினி வாசலில் நின்றார். அவருடன் வந்தவர்கள் கிண்ணங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஆள் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"எனக்கும் ஒண்ணு தா டொரதி. ஒண்ணு போதும்" என்றார் லிண்டா டீச்சர்.

சுவக்கின் தலையை நிமிர்த்தினார். அன்னலட்சுமி அடுப்பு ஊதுவதை நிறுத்தினாள். டொரதியின் கை தட்டுக்கு மேலே நின்ற தன் டம்ப்ளிங் ஒன்றை நோக்கிப் பாதி தூரம் போய்விட்டது. பத்தொன்பது வருடம் கேட்டது கண் முன்னால் நிற்கிறது, எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. ஒரு டம்ப்ளிங்குக்காகச் சட்டம் பார்க்கிறவள் உலகத்தில் உண்டா என்று யாரும் கேட்கலாம். டொரதி கையை எடுத்துக்கொண்டாள்.

"இங்க மடிக்கிறவங்கதான் சாப்புடுவாங்க மதினி. வாங்க, உக்காருங்க."

"எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல. கையெல்லாம் மா ஒட்டும். நீ செஞ்சத ஒண்ணு தந்தா என்ன?"

"நான் செஞ்சு குடுத்து நீங்க ஒருநாளும் சாப்புட்டதில்லையே மதினி. நீங்களே செஞ்சு சாப்புடுங்க."

அவள் அதைக் குரல் உயர்த்தாமல், மரியாதையோடுதான் சொன்னாள். மூன்று டீச்சர்மாரும் மென்று கொண்டிருந்ததை நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் தட்டுக்கு மேலே நின்றவை இன்னும் இரண்டு அங்குலம் ஏறின என்று அன்னலட்சுமி பிறகு சொன்னாள். சுவக்கின் அளக்காததால் அது பதிவில் இல்லை. சுவக்கின் அப்போது வேறு வேலையில் இருந்தார். தான் இருந்த கதிரையை விட்டு எழும்பி, அதை அக்காவுக்காக இழுத்துப் போட்டார். பத்தொன்பது வருடத்தில் அவர் எந்தப் பக்கம் என்று காட்டியது அன்றுதான்.

லிண்டா டீச்சர் கைப்பையைக் கீழே வைத்தார். மணிக்கூட்டைக் கழற்றினார். உட்கார்ந்தார். டொரதி தேய்த்த மா வட்டம் ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்து, "ஓரத்துல தண்ணி தடவுங்க" என்று மட்டும் சொன்னாள். ஆறு மடிப்பு வந்தது, அதில் இரண்டு பிரிந்திருந்தது. அதைத் தனியாக ஒரு தட்டில் வைத்து அவித்தார்கள். பன்னிரண்டு நிமிடத்தைச் சுவக்கின் எண்ணினார். மூடியைத் திறந்தபோது அந்த டம்ப்ளிங் எழும்பவில்லை. அந்த மேசையில் மடித்து எழும்பாத முதல் டம்ப்ளிங் அதுதான். எல்லோரும் யன்னலைப் பார்த்தார்கள்.

"சூடாத்தான் இருக்கு மதினி. ஆறமுந்தி சாப்புடுங்க" என்றாள் டொரதி, கிண்ணத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் தாழ்த்தி வைத்து.

லிண்டா டீச்சர் குனிந்து எடுத்து, தொட்டு, சாப்பிட்டார். தோல் தடிப்பு, ஒரு ஓரம் வேகவும் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. இஞ்சி அன்றைக்குக் கொஞ்சம் கூடத்தான். முழுவதையும் சாப்பிட்டு முடித்து, விரலில் ஒட்டியிருந்த சோஸைத் துடைக்காமல் வெறுந்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு மடிக்கவா?" என்று கேட்டார். கேட்டது டொரதியிடம், அனுமதி கேட்பது போல.

"வட்டம் தீந்துபோச்சு. இருங்க, மா எடுத்துட்டு வாறேன்" என்று டொரதி திரும்பினாள். வழக்கமாக மேல் தட்டில் இருக்கும் மா டின்னை எடுக்க அவள் முக்காலி போட்டு ஏற வேண்டும். அன்றைக்குக் கையை நீட்டியதும் எட்டியது. கீழே பார்த்தாள். செருப்பு இரண்டும் தரையில் கிடந்தன, பாதங்கள் அவற்றுக்கு ஒரு சாணுக்கு மேலே இருந்தன. நெஞ்சு நிறைந்திருந்தது, பயம் என்று ஒன்றும் இல்லை. டின்னைத் திறந்து, இரண்டு சுண்டு மா அளந்து போட்டு, சுடுதண்ணீர் கேட்டாள். அன்னலட்சுமி கேத்தலைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தாள்.

அடுத்த கிழமை மேசன் மூக்கையா வந்து அடுப்பையும் பாத்திரம் கழுவும் தொட்டியையும் ஒரு சாண் உயர்த்திக் கட்டினார். காரணம் கேட்கவில்லை, சீமெந்து எத்தனை பை என்று மட்டும் கேட்டார். மழைக்காலத்தில் டொரதியின் காலில் சேறு படுவதில்லை, அது ஒரு வசதி. பஸ்ஸில் ஏறும்போது தலையைக் குனிந்துகொள்கிறாள், அது ஒரு வசதியீனம். லிண்டா டீச்சர் சனிக்கிழமை தவறுவதில்லை. அவருடைய டம்ப்ளிங் எழும்ப ஐந்து மாதம் பிடித்தது. அன்றைக்கு எழும்பியது முக்கால் அங்குலம், அதை ஒன்றாக்கிச் சொல்லும்படி அவர் எவ்வளவோ கேட்டும் சுவக்கின் சம்மதிக்கவில்லை. இருந்தாலும் டீச்சர் நான்கு பேருக்குப் போன் எடுத்துச் சொன்னார், நான்கு பேருக்கும் "நம்ம டொரதி வீட்டுல" என்றுதான் சொன்னார்.

ஞாயிறு பூசையில் நற்கருணை வரிசையில் டொரதியின் முறை வரும்போது பாதர் கையை வழக்கத்தை விடச் சற்று உயர்த்திக் கொடுக்கிறார். இப்போது அது அவருக்குப் பழகிவிட்டது. அவளுக்கு அடுத்ததாக லிண்டா டீச்சர் நிற்கிறார், பாதரின் கை கீழே இறங்கி வரும்வரை காத்திருக்கிறார்.